நஞ்சைச் சிறைவைக்கும் வேர்ப்பூஞ்சை

மும்பை அணுசக்தி நகரில் பருவமழை இறங்கிய சில நாட்களிலேயே டிராம்பே குன்று நிறம் மாறிவிடும். கோடை முழுதும் பழுப்பேறிக் கிடந்த சரிவில் புல் எழும்பும். குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் தளதளக்கும். அந்த மரத்தடியில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, நீரில் கரைத்து வடிகட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். மண் துகள்களுக்கு இடையே மெல்லிய இழைகள் பின்னிக் கிடப்பது தெரியும். செழிப்பான மண் ஒரு கிராமில் இந்த இழைகளின் மொத்த நீளம் பத்து மீட்டர் இருப்பது அதிசயமில்லை. அப்படியானால் ஒரு கிலோ மண்ணில் பத்து கிலோமீட்டர். அணுசக்தி நகரில் கிளம்பி, செம்பூரைக் கடந்து, தாராவி போய்ச் சேரும் தூரம் ஒரு கிலோ மண்ணுக்குள் சுருண்டு கிடக்கிறது.

இவை மரத்தின் வேர்கள் அல்ல. பாதி உடலை வேருக்குள்ளும் பாதி உடலை மண்ணிலும் வைத்து வாழும் ஒரு பூஞ்சையின் இழைகள். வேளாண் துறையினர் இதை வேர் உட்பூசணம் என்பார்கள். உயிர் உரம் விற்கும் கடைகளில் 'வேம்' என்று கேட்டால் பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பார்கள். நிலத்தில் வளரும் தாவர இனங்களில் பத்துக்கு ஏழு இதனுடன் கூட்டு வைத்திருக்கின்றன. சோளம், வெங்காயம், வாழை, புளி, வேம்பு எல்லாமே அந்தக் கூட்டில் சேர்ந்தவைதாம். கூட்டு மிகப் பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, ஏறக்குறைய 40 கோடி ஆண்டு வயதுள்ள தாவரப் புதைபடிவங்களின் திசுக்களுக்குள்ளேயே இந்தப் பூஞ்சை இருக்கிறது. அந்தக் காலத்துச் செடிகளுக்கு இன்றுள்ளது போன்ற வேர்கூடக் கிடையாது. வேர் வருவதற்கு முன்பே வேர்ப்பூஞ்சை வந்துவிட்டது.

பூஞ்சையின் உடலமைப்பே ஒரு வியப்பு. நம் உடலில் ஒவ்வொரு செல்லையும் ஒரு சவ்வு தனியாகப் பிரிக்கிறது, பெரும்பாலும் செல்லுக்கு ஓர் உட்கருதான். இந்தப் பூஞ்சை இழைக்குள் குறுக்குச் சுவர்களே அனேகமாக இல்லை. ஒரே நீண்ட குழாய். அதற்குள் ஆயிரக்கணக்கான உட்கருக்கள் மிதந்து நகர்ந்துகொண்டிருக்கும். குழாயின் விட்டம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு. தலைமுடியைவிடப் பத்து மடங்குக்கு மேல் மெலிது. இந்த மெலிவுதான் அதன் பலம். வேர் நுழைய முடியாத மண் இடுக்கில் பூஞ்சை நுழைந்து பாஸ்பேட்டை எடுத்து வருகிறது. வேரின் செல்லுக்குள் போனதும் அது மிக நுண்ணிய கிளைகளாகப் பிரிந்துகொள்ளும். அந்தக் கிளைக்கொத்துதான் சந்தை. பூஞ்சை பாஸ்பேட்டைக் கொடுக்கும், செடி சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கும். கொழுப்பு அமிலத்தைத் தானாகச் செய்துகொள்ளும் மரபணுவே இந்தப் பூஞ்சையிடம் இல்லை. செடி தராவிட்டால் அது சாகும். ஒளிச்சேர்க்கையில் சம்பாதித்த கார்பனில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட இந்தக் கூட்டாளிக்குச் செடி கொடுக்கிறது. எந்தச் செடியும் சும்மா அவ்வளவு கொடுக்காது.

இந்தக் கூட்டாளி செய்யும் வேலைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லப் போகிறேன். மண்ணில் கன உலோகம் சேர்ந்துவிட்டால் அது என்ன செய்கிறது என்பதை.

காட்மியம், ஈயம், பாதரசம், குரோமியம் போன்றவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். ஆர்சனிக் முழு உலோகம் இல்லை என்றாலும் அதையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பது வழக்கம். துத்தநாகமும் செம்பும் உயிருக்குத் தேவையானவை. அளவு மிஞ்சினால் அவையும் நஞ்சு. மற்ற மாசுகளுக்கும் உலோகத்துக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. எண்ணெய் கொட்டினால் நுண்ணுயிர்கள் அதைச் சிறிது சிறிதாகத் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடும். காட்மியம் ஒரு தனிமம். அதை எந்த நுண்ணுயிராலும் உடைக்க முடியாது. ஒரு தனிமத்தை வேறொன்றாக மாற்ற வேண்டுமானால் அணுசக்தி நகருக்குப் பக்கத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உலைக்குள்தான் அதை அனுப்ப வேண்டும்.

அந்த மையத்துக்கும் இதே போன்ற ஒரு சிக்கல் இருக்கிறது. உலையில் எரிந்து முடிந்த எரிபொருளிலிருந்து வரும் கதிரியக்கக் கழிவை வேதியியலால் அழிக்க முடியாது. அதனால் அதைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, கண்ணாடியின் கட்டமைப்புக்குள்ளேயே அணுக்களைப் பூட்டிவிடுகிறார்கள். டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் மூன்றிடங்களிலும் அதற்கான ஆலைகள் உண்டு. நஞ்சு இருக்கும்; ஆனால் நகராது, கரையாது, யார் உடலுக்குள்ளும் போகாது. வேர்ப்பூஞ்சை கண்டுபிடித்த வழியும் இதுவேதான். நாற்பது கோடி ஆண்டுகளாக அது கடைப்பிடிக்கும் உத்தி, உலோகத்தை இருக்கும் இடத்தில் கட்டிப்போடுவது.

பூஞ்சை மண்ணுக்கு அடியில் செய்வதை எப்படிப் பார்த்தார்கள்? இங்கேயும் அணு உலைதான் உதவியது. கந்தகத்தை உலைக்குள் வைத்து நியூட்ரான்களால் தாக்கினால் அதன் ஒரு பகுதி பாஸ்பரஸ்-32 என்ற கதிரியக்க ஐசோடோப்பாக மாறும். ஐசோடோப்பு என்பது அதே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு. பாஸ்பரஸ்-32 சாதாரண பாஸ்பரஸ் போலவே நடந்துகொள்ளும், ஆனால் போகும் வழியெல்லாம் கதிர் வீசிக்கொண்டே போவதால் கருவி அதைப் பின்தொடர முடியும். 14 நாளில் அதன் கதிர்வீச்சு பாதியாகிவிடும் என்பதால் சோதனை முடிந்ததும் பெரிய தொல்லை இல்லை. டிராம்பே உலைகளில் செய்த பாஸ்பரஸ்-32 நம் நாட்டு வேளாண் ஆய்வுக்கூடங்களுக்குப் பல காலம் போய்க்கொண்டிருந்தது.

1973இல் அமெரிக்காவில் ஹாட்டிங், கிரே, கெர்டெமான் மூவரும் வெங்காயச் செடியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வேரிலிருந்து 27 மில்லிமீட்டர் தள்ளி மண்ணில் பாஸ்பரஸ்-32 வைத்தார்கள். வேரால் அவ்வளவு தூரம் எட்ட முடியாது. ஆனாலும் பூஞ்சை உள்ள செடியின் வேரில் கதிரியக்கம் வந்து சேர்ந்தது. இடையில் இருந்த இழைகளை வெட்டியதும் வரத்து நின்றது. இழைதான் வழி என்பது அத்தோடு உறுதியானது.

அதே உத்தியைக் காட்மியத்துக்கும் பிறகு பயன்படுத்தினார்கள். பிரான்சில் எரிக் ஜோனர், கொரின் லேவால் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் காட்மியம்-109 என்ற கதிரியக்க வடிவத்தை மண்ணில் சேர்த்து, ஒருவகைத் தீவனப்பயறுச் செடியின் பூஞ்சை அதை என்ன செய்கிறது என்று கவனித்தார்கள். இழைகள் காட்மியத்தை எடுத்தன. வேர் வரை கொண்டும் வந்தன. ஆனால் வேருக்குள் வந்த பிறகு செடியிடம் ஒப்படைக்காமல் பெரும்பகுதியைத் தானே வைத்துக்கொண்டது பூஞ்சை. பாஸ்பேட்டைக் கையோடு கொடுக்கும் அதே உயிர் காட்மியத்தைக் கொடுக்காமல் பிடித்து வைக்கிறது.

எப்படிப் பிடித்து வைக்கிறது? ஒரே பூட்டில்லை. பல பூட்டுகள்.

முதல் பூட்டு இழையின் வெளிச்சுவர். நண்டு ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருள்தான் பூஞ்சைச் சுவரிலும் இருக்கிறது. சுவரின் வேதிக் குழுக்களில் பல எதிர்மின்னூட்டம் கொண்டவை. கரைந்த உலோக அயனிகள் நேர்மின்னூட்டம் கொண்டவை. எதிரும் நேரும் ஒன்றையொன்று இழுக்க, உலோகம் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. இதற்குப் பூஞ்சை உயிரோடு இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, செத்த இழையும் பிடிக்கும். 2000இல் ஜோனர் குழு அளந்தபோது, மாசடைந்த மண்ணுக்குப் பழகிய ஒரு பூஞ்சை வகை ஒரு மில்லிகிராம் உலர்ந்த இழைக்கு அரை மில்லிகிராம் வரை காட்மியத்தைப் பிடித்தது. தன் எடையில் பாதி! உலோகத்தை உறிஞ்சப் பெயர்போன ரைசோபஸ் பூஞ்சையின் திறனைவிட இது பத்து மடங்குக்கு மேல்.

இரண்டாவது பூட்டு குளோமலின். 1996இல் அமெரிக்க வேளாண் துறையின் சாரா ரைட் கண்டெடுத்த புரதப் பொருள் இது. இழையின் சுவரில் ஒட்டியிருந்து, இழை மடிந்த பிறகு மண்ணில் தங்கி, துகள்களைச் சேர்த்துக் கட்டும். மண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுக்க சிட்ரேட் கரைசலில் 121 டிகிரி வெப்பத்தில் அழுத்தத்தோடு வேகவைக்க வேண்டும் என்றால் அதன் உறுதியைப் புரிந்துகொள்ளலாம். மாசடைந்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு கிராம் குளோமலினில் 4.3 மில்லிகிராம் வரை செம்பு கட்டுண்டு கிடந்ததாக 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. வேகவைத்து எடுக்கும் அந்தச் சாற்றில் பூஞ்சைக்குச் சம்பந்தமில்லாத மண்பொருள்களும் கலந்துவிடுகின்றன என்ற மறுப்பு அறிஞர்களிடையே வலுவாக உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே அந்த எண்ணை முழுக்கப் பூஞ்சையின் கணக்கில் நான் எழுதமாட்டேன். உலோகத்தைப் பிடிப்பதில் அதற்குப் பங்கு உண்டு என்பது வரை சொல்லலாம்.

இரண்டையும் தாண்டி உள்ளே நுழைந்துவிடும் உலோகத்துக்கு உள்ளே வேறு ஏற்பாடு. ஸ்பெயினின் கிரானடா நகரில் நூரியா ஃபெரோல் குழுவினர் ரைசோஃபேகஸ் என்ற வேர்ப்பூஞ்சையில் இந்த ஏற்பாட்டின் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கண்டெடுத்தார்கள். உலோகம் மிகுந்ததும் சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஒன்று மெட்டலோதயோனின் என்ற சிறு புரதத்தைச் செய்யச் சொல்கிறது. இந்தப் புரதத்தில் கந்தக அணுக்கள் நெருக்கமாக நிற்கும். அவை உலோக அயனியைச் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு மரபணு துத்தநாகத்தை இடம்மாற்றும் புரதத்தையும், மற்றொன்று காட்மியம், செம்பு இவற்றுக்கு எதிராகச் செயல்படும் கடத்தும் புரதத்தையும் செய்கின்றன. பிடிபட்ட உலோகம் நுண்குமிழ்ப்பைகளுக்குப் போகிறது. நுண்குமிழ்ப்பை என்பது செல்லுக்குள் இருக்கும் சவ்வு சூழ்ந்த சேமிப்பறை. அந்த அறைகளில் ஏற்கெனவே பாஸ்பேட் நீண்ட சங்கிலிகளாகக் கோத்து வைக்கப்பட்டிருக்கிறது. சங்கிலி முழுக்க எதிர்மின்னூட்டம். செடிக்குக் கொடுக்கச் சேமித்த சரக்கே உலோகத்தைப் பிடிக்கவும் இடம்கொடுக்கிறது.

செல்லுக்குள் புகுந்த செம்பும் குரோமியமும் தீய ஆக்சிஜன் துணுக்குகளைக் கிளப்பிவிடும். அவை கண்ணில் பட்ட கொழுப்பையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் சிதைக்கும். அவற்றை அடக்கும் நொதிகளையும் பூஞ்சை அதே வேளையில் கூட்டுகிறது.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வியக்கவைத்தது சிலி நாட்டிலிருந்து வந்த ஒரு படம். செம்பு உருக்காலைகள் பெருகிய நாடு அது. பாப்லோ கோர்னேகோ குழுவினர் செம்பு மிகுந்த சூழலில் வளர்ந்த பூஞ்சையின் வித்துகளைப் பார்த்தார்கள். வித்து என்பது பூஞ்சையின் விதை போன்ற பகுதி. வழக்கமான வெளிர் நிற வித்துகளுக்கு நடுவே சில வித்துகள் நீலப்பச்சையாக இருந்தன. செப்புப் பாத்திரத்தில் களிம்பேறினால் வருமே, அந்த நிறம். செம்பை அவற்றுக்குள் திணித்து மூடியிருக்கிறது பூஞ்சை. அந்த வித்துகள் இனி முளைக்காது. தன் பிள்ளைகளில் சிலவற்றைக் குப்பைத்தொட்டியாக ஆக்கி, மற்றவற்றைச் சுத்தமாக வைத்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். 2013இல் வந்த இந்தக் கண்டுபிடிப்பைப் படித்தபோது, ஒரு பூஞ்சை இவ்வளவு கணக்குப் போடுமா என்று தோன்றியது.

இதுவரை சொன்னவை பூஞ்சையின் உடலுக்குள் நடப்பவை. செடியின் உடலையும் அது மாற்றுகிறது. ஆர்சனிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் அது ஆர்சனேட்டாக இருக்கும்போது வடிவத்தில் பாஸ்பேட்டை அப்படியே ஒத்திருக்கும். வேரின் தோலில் பாஸ்பேட்டுக்காக உள்ள கதவுகள் ஆள் தெரியாமல் ஆர்சனேட்டையும் உள்ளே விட்டுவிடும். வேர்ப்பூஞ்சை குடியேறியதும் செடி தன் தோலில் உள்ள அந்தக் கதவுகளில் பலவற்றைச் சாத்திவிடுகிறது. இனி பாஸ்பேட் பூஞ்சை வழியாக வரும், எனவே நேரடிக் கதவு அவ்வளவாகத் தேவையில்லை. கதவு சாத்தியதால் ஆர்சனேட்டின் நுழைவும் குறைகிறது. ஆர்சனிக் மிகுந்த பழைய சுரங்க மண்ணில் வளரும் ஒருவகைப் புல்லில் 2002இல் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். நஞ்சைத் தடுக்கவென்றே செய்த ஏற்பாடாக இது தெரியவில்லை. கூட்டு வணிகத்தின் உபரி லாபம் என்றே எனக்குப் படுகிறது.

துத்தநாகத்தில் இன்னும் நுட்பமான கதை. மண்ணில் துத்தநாகம் குறைவாக இருந்தால் பூஞ்சை அதைத் தேடிக் கொண்டுவந்து செடிக்குக் கொடுக்கும். அளவு மிஞ்சிப் போனால் அதே பூஞ்சை அதைத் தடுத்து வேரிலேயே நிறுத்தும். நம் நாட்டு வயல்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் துத்தநாகக் குறை உள்ளவை. அங்கே ஊட்டுபவராகவும் ஆலைக்கழிவு விழுந்த மண்ணில் காவலராகவும் ஒரே உயிர் இரு வேலை பார்க்கிறது.

அணுசக்தி நகரில் இருந்துகொண்டு யுரேனியத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது. பெல்ஜியத்தில் ஜெர்வே ருஃபிகிரி என்ற ஆய்வாளரின் குழு 2000களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தது. தட்டில் வளர்த்த கேரட் வேரில் பூஞ்சையைக் குடியேற்றி, தட்டின் இன்னொரு அறைக்கு இழைகளை மட்டும் போகவிட்டு, அங்கே யுரேனியம் வைத்தார்கள். இழைகள் யுரேனியத்தைப் பிடித்தன, ஓரளவு வேருக்கும் கடத்தின. முழுச் செடிகளில் செய்த சோதனைகளில் வேரோடு பெரும்பகுதி தங்கி, தண்டுக்கும் இலைக்கும் ஏறுவது குறைந்தது. ஆனால் கதிரியக்கச் சீசியத்தில் இந்தப் பூட்டு நிச்சயமாக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. சீசியம் ஒற்றை மின்னூட்டம் கொண்டது, பொட்டாசியத்தைப் போல வேடமிடுவது. சோதனைக்குச் சோதனை முடிவு மாறுகிறது. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி இல்லை என்பதுபோல எல்லா நஞ்சுக்கும் ஒரே பூட்டும் இல்லை.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். தாராவிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களில் தோல் பதனிடுவோர் முக்கியமானவர்கள். அந்தத் தொழில் தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையில் வளர்ந்தது. நவீனத் தோல் பதனிடுதலின் உயிர் குரோமியம். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களில் தொடங்கி 1990களின் நடுவில் மூடும்வரை குரோமிய வேதிப்பொருள்களைச் செய்தது. மூடியபோது ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு திறந்தவெளியில் குவிந்து கிடந்தது. பத்து டன் லாரிகளில் ஏற்றினால் பதினையாயிரம் லாரி. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது.

குரோமியத்துக்கு இரண்டு முகங்கள். ஆறு மின்னூட்ட வடிவம் மஞ்சளாக நீரில் கரைந்து நிலத்தடியில் ஓடும், புற்றுநோய் உண்டாக்கும். சல்பேட்டைப் போல வேடமிட்டு வேரின் சல்பேட் கதவு வழியே நுழையும். மூன்று மின்னூட்ட வடிவம் பெரும்பாலும் கரையாமல் இருந்த இடத்தில் படிந்துவிடும், நஞ்சும் மிகக் குறைவு. பெய்ஜிங்கில் பாவோதோங் சென் குழுவினர் 2016 வாக்கில் காட்டிய காட்சி இங்கேதான் நமக்கு முக்கியமாகிறது. மிக வலிமையான எக்ஸ் கதிர்களால் பூஞ்சை இழைகளைப் பார்த்தபோது, அவற்றின் மேற்பரப்பில் பிடிபட்ட குரோமியம் மூன்று மின்னூட்ட வடிவத்துக்கு மாறி, பாஸ்பேட்டோடு சேர்ந்து துகள்களாகப் படிந்திருந்தது. ஆறில் வந்ததை மூன்றாக இறக்கி, பிறகு பூட்டுகிறது பூஞ்சை. தனிமத்தை மாற்ற முடியாது என்று சொன்னேன். அதன் மின்னூட்டத்தை மாற்றலாம், நஞ்சின் பல்லைப் பிடுங்க அதுவே போதும். இதே வகை எக்ஸ் கதிர் ஆய்வுக்கான கருவி நிலையங்களை இந்தூரில் உள்ள இண்டஸ்-2 ஒளிமூலத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்திருக்கிறது. பாலாற்று மண்ணின் பூஞ்சையை அங்கே கொண்டுபோய்ப் பார்க்க நமக்குத் தேவையானவை எல்லாம் நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

தமிழ்நாட்டு மண்ணில் இந்தப் பூஞ்சைகள் பிழைத்திருப்பதும் புதுச் செய்தியில்லை. என். ராமனும் சக ஆய்வாளர்களும் 1993இல் சேலத்து மாக்னசைட் சுரங்கக் கழிவு மேடுகளில் தானாக முளைத்த செடிகளின் வேரைச் சோதித்து வேர்ப்பூஞ்சையைக் கண்டார்கள். அந்தப் பாறை வகையில் இயற்கையாகவே நிக்கலும் குரோமியமும் கூடுதல். 1998இல் ராமனும் கே. சம்பந்தனும் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாய்ந்த தமிழ்நாட்டு மண்ணில் எந்தெந்த வேர்ப்பூஞ்சைகள் பரவியிருக்கின்றன என்று பட்டியலிட்டார்கள். நஞ்சு விழுந்த இடத்தில் எல்லாம் செத்துவிடவில்லை. பிழைத்தவை பழகிக்கொண்டு நிற்கின்றன.

இந்தப் பழக்கம் மிகப் பெரிய சொத்து. ஜெர்மனியின் பிரைனிகர்பெர்க் என்ற பழைய ஈய, துத்தநாகச் சுரங்கப் பகுதியில் துத்தநாக ஊதாப்பூ என்று ஒரு செடி உண்டு. உலோகம் மண்டிய மண்ணில்தான் அது வளரும். அதன் வேரிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையை, உலோகம் மிகுந்த மண்ணில் விதைத்த மக்காச்சோளத்தோடு சேர்த்துப் பார்த்தது ஹெர்மான் போதேயின் குழு. 1999இல் வந்த முடிவு தெளிவானது. சாதாரண மண்ணில் பிடித்த பூஞ்சையோடு சேர்ந்த செடிகளைவிடச் சுரங்க மண்ணின் பூஞ்சையோடு சேர்ந்தவை நன்றாக வளர்ந்தன. உலோகங்கள் வேரின் உட்பகுதியில், பூஞ்சை குடியிருந்த செல்களில் குவிந்திருந்தன. அதாவது ஒரே பெயர் கொண்ட பூஞ்சை என்றாலும் ஊருக்கு ஊர் அதன் திறமை வேறு. கடையில் வாங்கும் பாக்கெட் எதையும் எங்கும் தூவினால் பலன் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

வேர்ப்பூஞ்சையின் துணையோடு மாசு மண்ணில் செடி வளர்ப்பதை இந்தியாவிலேயே பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். அனல்மின் நிலையங்களின் சாம்பல் குளங்களில் ஆர்சனிக், ஈயம், குரோமியம் எல்லாம் சிறு அளவில் இருக்கும். சாம்பலில் ஊட்டச்சத்தும் இல்லை, நீரும் நிற்காது. பதர்ப்பூர், கோர்பா நிலையங்களின் சாம்பல் மேடுகளில் டெல்லியின் டெரி ஆய்வு நிறுவனம் வேர்ப்பூஞ்சை ஏற்றிய செடிகளை நட்டுப் பச்சையாக்கியது. வேரில்லாமல் வளராத பூஞ்சையைத் தொழிற்சாலை அளவில் பெருக்க, கண்ணாடிப் புட்டிகளில் மரபணு மாற்றிய கேரட் வேரை மட்டும் வளர்த்து அதில் பூஞ்சையைக் குடியேற்றுகிறார்கள். இலையும் தண்டும் இல்லாத வெறும் வேர், சர்க்கரைக் கூழில் முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். அதுவும் ஒரு அற்புதம்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு தவறான முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. வேர்ப்பூஞ்சை இருக்கிறது என்பதால் மாசு மண்ணில் விளைந்த உணவு சுத்தமாகிவிடாது. மும்பையின் ரயில் பாதையோரங்களில் சாக்கடை நீரில் கீரையும் காயும் பயிராவதை லோக்கல் ரயிலில் போகும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அங்கே அதிகம் தென்படுபவை பாலக் கீரையும் முள்ளங்கியும். முள்ளங்கி கடுகுக் குடும்பம். அந்தக் குடும்பம் வேர்ப்பூஞ்சையோடு கூட்டு வைப்பதை நெடுங்காலம் முன்பே விட்டுவிட்டது. பாலக்கின் குடும்பமும் பெரும்பாலும் அப்படியே. பாலக்கோ காட்மியத்தை இலைக்கு ஏற்றுவதில் பெயர்போனது. ஆக, காவலாளி இல்லாத செடிகளே அந்தச் சாக்கடையோரத்தில் நிற்கின்றன. அதே இடத்தில் வெந்தயமோ வெண்டையோ வளர்ந்தால் பூஞ்சையின் துணை கிடைக்கும். அப்போதும் அந்த நீரில் விளைந்ததை உண்ணலாம் என்று அர்த்தமில்லை. பூட்டுகளுக்கும் கொள்ளளவு உண்டு. உலோகம் அளவு கடந்தால் வித்து முளைப்பது குறையும், இழை நீளம் சுருங்கும், கூட்டே உடையும்.

பூஞ்சை நம்மிடம் எதிர்பார்ப்பது சில எளிய விஷயங்கள்தாம். ரசாயனப் பாஸ்பேட்டை அளவுக்கு மேல் கொட்டினால் செடிக்குக் கூட்டாளி தேவைப்படாது, உறவைத் துண்டித்துவிடும். ஓயாமல் உழுதால் இழைவலை அறுபடும். மண்ணை முழுக்கச் சுரண்டி எடுத்தால் பழகிய பூஞ்சையும் லாரியோடு போய்விடும்.

கடைசியாகச் சொன்னதைப் பற்றி ஒரு வேண்டுகோள். ராணிப்பேட்டைக் குவியலோ, 1927 முதல் அணுசக்தி நகருக்கு அருகே மலையாக வளர்ந்து வந்த தியோனார் குப்பை மேடோ, இப்படிப்பட்ட எந்த இடத்தைச் சுத்தம் செய்ய இயந்திரங்கள் இறங்கினாலும், அதற்கு முன் தாவரவியல் படித்த இரண்டு பேர் ஒரு கரண்டியோடும் சில பைகளோடும் அங்கே போகட்டும். ஓரங்களில் பிழைத்து நிற்கும் புல், பூண்டு, புதர் ஒவ்வொன்றின் வேர்மண்ணையும் ஊர், தேதி எழுதி எடுத்து வைக்கட்டும். பல்கலைக்கழகத் தாவரவியல் துறைகளில் தொட்டிச் செடிகளில் அவற்றைக் காப்பாற்றி வைக்க அதிகச் செலவில்லை. சுத்தம் செய்த நிலத்தில் மறுபடி மரம் நடும்போது அந்த மண்ணின் குரோமியத்தையும் காட்மியத்தையும் ஏற்கெனவே அறிந்த பூஞ்சை நம் கையில் இருக்கும். வேறெங்கும் அதை விலைக்கு வாங்க முடியாது.